நயினார் மில் பொன்னம்மாவின் ஏழாவது ஜன்னல்

பொன்னம்மா அக்காவை உட்கார்ந்த இடத்திலிருந்து யாராலும் கிளப்ப முடியாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரியும். தெரியாதவன் ஒரே ஒருத்தன்தான், அவர் பெற்ற மகன் வீரேந்திரன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை, குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். ஆனால் ஒன்றை நினைத்துவிட்டான் என்றால் லேசில் விடமாட்டான். அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறீர்களா? வேறெங்கிருந்து, அம்மாவிடமிருந்துதான்.

நான் உண்ணாமலை, பக்கத்து வீடு. வேங்கிக்காலில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரு மதில் மட்டும்தான். அடுத்த வீட்டு விஷயத்தில் ஏன் மூக்கை நுழைக்கிறாய் என்று என் வீட்டுக்காரர் தசரதன் அடிக்கடி கேட்பார். நான் நுழைக்கவே வேண்டியதில்லை. பொன்னம்மா அக்கா போன் பேசினால் அது தானாகவே என் அடுப்படிக்கு வந்துவிடும். இருபது வருஷத்துக்கு மேல் மாவு மில் சத்தத்துக்குள் நின்று பேசிப் பழகிய தொண்டை அது. மகனோடு பேச அவருக்கு போனே தேவையில்லை, இங்கிருந்து கூப்பிட்டாலே பெங்களூருக்குக் கேட்கும்.

அக்கா பிறந்தது ஆரணிப் பக்கம் ஒரு ஜைனக் குடும்பத்தில். கீழ்பென்னாத்தூரில் மாவு மில் வைத்திருந்த தரணேந்திர நயினாருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். பையன் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நயினார் மாரடைப்பில் போய்விட்டார். மில்லை விற்றுவிட்டுப் பிறந்த வீட்டுக்கு வந்துவிடு என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அக்கா அத்தனை பேருக்கும் சோறு போட்டு அனுப்பிவைத்துவிட்டு, காரியம் முடிந்த மறு வாரமே மில்லைத் திறந்தார். பெல்ட் மாட்டுவதையும், தேய்ந்த கல்லைக் கொத்திச் சீர் பண்ணுவதையும் தாமே கற்றுக்கொண்டார்.

அந்த மில்லில் ஒரு விநோதமான சட்டம் இருந்தது. வண்டு விழுந்த தானியத்தை அக்கா கல்லில் கொட்டவே மாட்டார். ஓர் உயிரை அரைத்து மாவாக்கும் பாவம் தனக்கு வேண்டாம் என்பார். மில் வாசலில் தார்ப்பாயை விரித்து, தானியத்தை வெயிலில் பரப்பி, சூடு தாங்காமல் வண்டெல்லாம் தானாக ஊர்ந்து போகும்வரை காத்திருந்து, சலித்து, அதற்குப் பிறகுதான் அரைப்பார். எதிர் மில்லில் நிமிஷத்தில் முடிகிற வேலைக்கு இங்கே அரை நாள் ஆகும். வண்டுக்கு வழியனுப்பு விழா நடத்துகிற மில் என்று ஊரே கிண்டல் செய்தது. செய்யட்டுமே! நயினார் மில் மாவு நாள்பட்டாலும் நாறுவதில்லை என்று தெரிந்ததும் கிண்டல் பண்ணிய வாயெல்லாம் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையில் நின்றது. பக்கத்து ஊர்களிலிருந்து வேன் வைத்துக்கூட வந்தார்கள்.

அந்த மாவில்தான் வீரேந்திரன் இன்ஜினீயர் ஆனான். கை வலி தாங்காமல் மில்லைக் கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தில் அக்கா வேங்கிக்காலில் இந்த வீட்டைக் கட்டினார். சமையலறை ஜன்னலைத் திறந்தால் மலை தெரிய வேண்டும் என்று மேஸ்திரியோடு சண்டை போட்டுக் கட்டிய வீடு. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு சத்தமும் இல்லாமல் தூங்குகிறேன் என்று குடிவந்த புதிதில் என்னிடம் சொன்னார்.

அந்த நிம்மதிக்குக் கரையான் வடிவில் வந்தது வினை. ஜன்னல் மரமெல்லாம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்தது. மருந்தடிக்க அக்கா விடுவாரா? அதுவும் பிழைத்துப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பின் தெருவில் ஒரு வீட்டில் ஜன்னல் கம்பியை அப்படியே மரத்தோடு பெயர்த்துத் திருடன் உள்ளே போய்விட்டான். செய்தி பெங்களூருக்குப் போனது. அவ்வளவுதான், வீரேந்திரன் பிடித்துக்கொண்டான். வீட்டைப் பூட்டிவிட்டு உடனே கிளம்பி வா என்றான். ஒரு பேங்க் மேனேஜரின் குடும்பம் வாடகைக்கு வரத் தயாராக இருக்கிறது என்றான். கேட்டுக்கொண்டிருந்த நான் அடுப்பை அணைத்துவிட்டு மதிலோரம் போய் நின்றேன்.

எத்தனையோ நாள் போனிலேயே சண்டை நடந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். மர ஜன்னலையெல்லாம் கழற்றிவிட்டு, கரையான் தொட முடியாத பிளாஸ்டிக் ஃபிரேமில் கண்ணாடி ஜன்னல் போடுவது. ஏழு ஜன்னலுக்கும் அலாரம் சென்சார் வைப்பது. ஜன்னல் சாத்தியிருக்கிறதா இல்லையா என்பது பெங்களூரில் இருக்கிற அவன் போனில் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரிய வேண்டும். எல்லாம் பச்சையாக இருந்தால் அம்மா இங்கே இருக்கலாம். இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். அக்காவும் வீம்புக்குச் சரி என்று சொல்லிவிட்டார்.

புது ஜன்னல்கள் வந்து நின்றன. சென்சார் வைக்க இளவரசன் வந்தான். கீழ்பென்னாத்தூர்க்காரன், சின்ன வயதில் அம்மாவோடு நயினார் மில்லில் கம்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு காத்துக் கிடந்தவன். இப்போது இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். ரமணாசிரமம் பக்கத்து விடுதிகளிலெல்லாம் கேமரா, அலாரம் வைப்பது அவன்தான். வேலை சின்னதுதான். தீப்பெட்டி அளவு வெள்ளை டப்பா ஒன்றை ஃபிரேமில் ஒட்ட வேண்டும். விரல் கனத்துக் காந்தத் துண்டு ஒன்றை நகரும் கண்ணாடிக் கதவில் ஒட்ட வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் இரண்டும் நெருங்கி நிற்கும். அலாரத்தைப் போட்டுவிட்ட பிறகு யாராவது ஜன்னலை நகர்த்தினால் காந்தம் விலகும், உடனே சைரன் அலறும். புது ஃபிரேமில் துளை போட்டால் ஜன்னல் கம்பெனிக்காரன் கைகழுவிவிடுவான் என்பதால் எல்லாவற்றையும் இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப்பில்தான் ஒட்ட வேண்டும்.

ஒட்டினான். எங்கே ஒட்டினான் என்பதில்தான் கோளாறு. புது ஜன்னல் என்றால் கீறல் விழாமலிருக்க மேலே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள் இருக்கும் இல்லையா? நம் ஊரில் யார் அதை உரிக்கிறார்கள்? என் வீட்டு வாஷிங் மெஷின் வாங்கி நாலு வருஷம் ஆகிறது, தாள் அப்படியே இருக்கிறது. அக்காவும் புதுசு கலையாமல் இருக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தார். இளவரசனோ வீட்டுக்காரர் உரிக்காத தாளில் கைவைத்து எத்தனையோ இடத்தில் திட்டு வாங்கியவன். அதனால் வாயைத் திறக்காமல் தாளின் மேலேயே ஏழையும் ஒட்டிவிட்டுப் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் வெயில் ஏறியது. தாள் சுருண்டு எழும்பியது. சென்சார் ஒவ்வொன்றாகப் பொத்துப் பொத்தென்று விழுந்தது. சைரன் போட்ட சத்தத்தில் என் கையிலிருந்த குழம்புக் கரண்டி நழுவிவிட்டது. தெருவே அலறிப் புடைத்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், நடுக்கூடத்தில் அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நிற்கிறார். அங்கே பெங்களூரில் போன் முழுக்கச் சிவப்பு. வீரேந்திரன் அந்த நிமிஷமே கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன், அன்றைக்கு ஒரு ஜன்னல் சிவப்பாக இருந்தாலும் உன்னைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் அக்கா வீடு வீடாகப் போனார். பயமுறுத்திவிட்டோம் என்று ஒவ்வொரு வாசலிலும் வருத்தம் சொன்னார். போகிற போக்கில், இனிமேல் அது கத்தினால் நிஜமாகவே எனக்கு ஆபத்து என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டு வந்தார். தண்ணீர் கேன் போட அப்போதுதான் புதிதாக வர ஆரம்பித்திருந்த கருப்பனைக்கூட விடவில்லை.

இளவரசனுக்கு வேறு வேலைகள் இருந்ததால் சனிக்கிழமைதான் வர முடிந்தது. அதற்குள் நானும் அக்காவும் உட்கார்ந்து ஏழு ஜன்னல் தாளையும் உரித்துத் தள்ளினோம். ஆகா, அந்தத் தாளை ஒரே இழுப்பில் உரிப்பதில் இருக்கிற சுகம் இருக்கிறதே! வீட்டுக்கு வந்த கையோடு என் வாஷிங் மெஷினையும் உரித்துவிட்டேன். இளவரசன் வந்து ஃபிரேமை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, சென்சார்களைத் திரும்ப ஒட்டினான். ஒன்று, இரண்டு என்று ஆறு ஜன்னலும் பச்சை.

ஏழாவது, சமையலறை ஜன்னல். இளவரசன் இழுத்துச் சாத்தினான். இரண்டு விரல் இடைவெளி விட்டு நின்றுவிட்டது. குனிந்து பார்த்தால் ஃபிரேமின் மூலையில், கதவு வந்து பொருந்துகிற பள்ளத்தில், மண்ணால் கட்டி இறுகிய ஒரு குளவிக் கூடு. அந்த வாரம் முழுக்க அந்த ஜன்னல் திறந்தே கிடந்தது. குளவி மண்ணுருண்டையைத் தூக்கிக்கொண்டு வருவதும் போவதுமாக இருந்ததை அக்காவும் பார்த்துக்கொண்டேதான் சமைத்திருக்கிறார். எங்கே கட்டுகிறது என்று பார்க்கவில்லை. குளவி கூடு கட்டினால் அந்த வீட்டில் குழந்தை வரும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. ஐம்பத்தேழு வயதில் யாருக்கு அக்கா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

இளவரசன் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். ஒரு சுரண்டு சுரண்டினால் முடிந்தது என்றான். அக்கா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். உள்ளே குஞ்சு இருக்கும், அது வெளியே வரும்வரை தொடக் கூடாது என்றார். வர எத்தனை நாளாகும் என்று கேட்டேன். சில வாரம் ஆகும் என்றார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை!

இளவரசன் கெஞ்சிப் பார்த்தான். "யம்மா, அது இன்னா சாமான்யமான பூச்சியா? புழுவப் புடிச்சாந்து உயிரோட உள்ள அடைச்சி வெச்சிருக்கும். அதுக்குப் போயி பாவம் பாக்கறீங்களே."

"அது செய்யறது அதோட கணக்கு," என்றார் அக்கா. "நான் செய்யறது என் கணக்கு."

எனக்கு வந்ததே கோபம்! இந்த வீட்டுக்காக ஆயுசு முழுக்க மாவுத் தூசியைத் தின்றவர், ஒரு பிடி மண்ணுக்காக அதைத் தூக்கிக் கொடுப்பாரா? "வூடு வேணுமா, குளவி வேணுமாக்கா?" என்று கத்தியே விட்டேன்.

"ரெண்டும் வேணும்," என்றார். அவர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

சொல்லிவிட்டு அடுப்பு மேடையில் சாய்ந்துகொண்டார். கண் கலங்கியிருந்தது. "அங்க போனா நான் இன்னா பண்ணுவேன் உண்ணாமலை? பத்தாவது மாடி. அவனும் மருமக நிவேதாவும் ஆபீஸ் போயிடுவாங்க. சாத்தின கதவ நானேதான் பாத்துனு உக்காந்திருக்கணும். இங்க நான் பொன்னம்மா. அங்க வீரேந்திரனோட அம்மா, அவ்ளோதான்." எனக்கு இருந்த கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. மூன்று பேரும் அந்த இரண்டு விரல் இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்தார். ஜன்னல் சாத்தியிருக்கிறது என்பது இந்த டப்பாவுக்கு எப்படித் தெரியும் என்று இளவரசனைக் கேட்டார். ஜன்னல் இருப்பதே அதற்குத் தெரியாது, காந்தம் பக்கத்தில் நிற்கிறதா இல்லையா என்பது மட்டும்தான் தெரியும், விலகினால் கத்தும் என்றான் அவன்.

"அப்ப காந்தம் இங்க நிக்குது. டப்பாவ அதுங்கிட்ட கொண்டாந்து நிறுத்து."

இளவரசன் வாயைப் பிளந்தான். பிறகு தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். மில்லில் இரண்டு கல்லுக்கும் நடுவே எவ்வளவு சந்து விடுவது என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவருக்கு இரண்டு விரல் ஒரு பெரிய விஷயமா? கொல்லையில் கிடந்த பழைய ஜன்னல் சட்டத்தில் கரையான் போனால் போகிறதென்று விட்டுவைத்த ஒரு துண்டைத் தேடி எடுத்தோம். இளவரசன் அதை அறுத்து, இழைத்து, பெயிண்ட் அடித்து, கூட்டின் மேல் படாமல் தாண்டி நிற்கிற மாதிரி ஃபிரேமில் பசை வைத்து இறுக்கி ஒட்டினான். அதன் முனையில் சென்சார். பசை காயும்வரை பொறுத்திருந்து கதவைத் தள்ளினான். கூட்டை ஒட்டினாற்போல் கதவு வந்து நின்றது. போனில் ஏழும் பச்சை! நான் இளவரசனுக்கு இன்னொரு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன், கூடவே முறுக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வீரேந்திரன் வந்து இறங்கினான். வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே வந்திருப்பான் போல, பச்சையைப் பார்த்துப் பாதிக் கோபம் தணிந்துதான் இருந்தான். ஒவ்வொரு ஜன்னலாகத் தட்டிப் பார்த்தான். சமையலறைக்கு வந்ததும் அவன் முகம் மாறியது. மதிலுக்கு இந்தப் பக்கம் தோசை ஊற்றிக்கொண்டிருந்த எனக்கு எல்லாமே கேட்டது. சந்து விட்டு ஜன்னலா, இதற்குப் பெயர் பாதுகாப்பா, மெஷினை ஏமாற்றலாம் திருடனை ஏமாற்ற முடியுமா, ஒரு பூச்சிக்காக உன் உயிரை வைத்து விளையாடுவாயா என்று கத்தினான். அவன் பயமும் நியாயம்தானே, தகப்பனை இழந்த பிள்ளை. பெட்டியை எடு, மத்தியானப் பஸ்ஸுக்குப் போகிறோம் என்று முடித்தான்.

அக்கா அலாரத்தைப் போட்டார். "வெளியில போ. திருடன் மாதிரி வந்து தள்ளிப் பாரு. நீ உள்ள வந்துட்டன்னா நான் உன்கூட வரேன்."

வீரேந்திரன் விறுவிறுவென்று வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனான். சந்தில் விரலை நுழைத்து ஒரு நெம்பு நெம்பினான். கதவு நகர்ந்ததோ இல்லையோ, சைரன் எடுத்தது பாருங்கள் ஓர் அலறல்! மலையிலிருக்கிற குரங்கெல்லாம் ஓடியிருக்கும். அக்காவுக்கு ஆபத்து என்று ஒரு கணம் எனக்கு உயிரே போய்விட்டது. அவர்கள் பேசியதெல்லாம் காதில் விழுந்தும், அந்தச் சத்தத்தில் எல்லாம் மறந்து போனது. தோசைத் திருப்பியோடு வெளியே பாய்ந்தேன். என் வீட்டுக்காரர் முகத்தில் சோப்பு நுரையோடு பின்னால் வந்தார். எதிர்வீட்டு ஆட்கள், மாடிவீட்டுப் பெண்கள், துடைப்பம், மாப்பு என்று கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மொத்தத் தெருவும் பின்பக்கம் திரண்டுவிட்டது.

எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தவன் கருப்பன். தோளிலிருந்த தண்ணீர் கேனை அப்படியே போட்டுவிட்டுப் பாய்ந்து, வீரேந்திரனைச் சட்டைக் காலரோடு சுவரில் சாத்திப் பிடித்திருந்தான். "பட்டப்பகல்ல ஜன்னல நெம்புறியா? யார்றா நீ?"

இது என் வீடு என்று வீரேந்திரன் திணறினான். எல்லாத் திருடனும் அதைத்தான் சொல்வான் என்று கருப்பன் இன்னும் அழுத்தினான்.

அக்கா சைரனை நிறுத்திவிட்டு, உள்பக்கமிருந்து நிதானமாக ஜன்னலுக்கு வந்து நின்றார். "விட்டுடு கருப்பா. நான் பெத்ததுதான்."

சிரிப்பென்றால் அப்படி ஒரு சிரிப்பு. கருப்பன் நாக்கைக் கடித்துக்கொண்டு, கசங்கிய காலரைத் தன் கையாலேயே நீவிவிட்டான். வீரேந்திரன் மட்டும் சிரிக்கவில்லை. துடைப்பத்தையும், என் தோசைத் திருப்பியையும், என் வீட்டுக்காரர் முகத்து நுரையையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு, இவ்வளவு பேர் எப்படி வந்தார்கள் என்று அம்மாவைக் கேட்டான்.

"கூப்ட்டது கேட்டுது, வந்தாங்க," என்றார் அக்கா.

அவன் அங்கேயே, எங்கள் எல்லோர் எதிரிலும் போனை எடுத்தான். பேங்க் மேனேஜரைக் கூப்பிட்டான். "சார், மன்னிச்சிக்குங்க. அந்த வீடு வாடகைக்கு இல்ல சார். எங்கம்மா இருக்காங்க." நான் தோசைத் திருப்பியாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டேன், முகமெல்லாம் எண்ணெய். அக்கா ஜன்னலுக்குள் நின்றபடி அத்தனை பேரையும் டிபனுக்கு உள்ளே கூப்பிட்டார்.

சாப்பிட்டு முடித்ததும் வீரேந்திரன் தன் கையாலேயே ஒரு மூங்கில் கழியை அளவாக வெட்டி, அந்த ஜன்னல் கதவு பின்னால் நகராதபடி தடத்தில் வைத்தான். கூட்டில் இடிக்கிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தான். குளவிகள் சில வாரம் கழித்து, ஆவணியில், மண்ணைத் துளைத்துக்கொண்டு பறந்து போய்விட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவன் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது வாசல் வரை நானும் போனேன். நீ இங்கேயே இரும்மா என்றான், ஏதோ அவன் கொடுத்த வரம் மாதிரி. இருப்பேன் என்றுதானே முதல் நாளே சொன்னேன் என்றார் அக்கா. அதோடு விடவில்லை. தன் போனை எடுத்து அவன் கையில் வைத்தார்.

"என் வூடு உன் போன்ல தெரியுது இல்ல? உன் வூட்டு வாசக்கதவும் என் போன்ல தெரியணும். நீ எப்ப வூட்டுக்கு வர்றேன்னு நானும் பாக்கணும்."

அவன் சிரித்து மழுப்பினான். அக்கா கையை எடுக்கவில்லை. பெங்களூருக்குப் போன அடுத்த வாரமே அவன் சென்சார் வாங்கி மாட்ட வேண்டியதாகிவிட்டது. இப்போதெல்லாம் பொழுது சாய்ந்து ரொம்ப நேரமாகியும் பெங்களூரில் அந்தக் கதவு திறக்கவில்லை என்றால், வேங்கிக்காலிலிருந்து ஒரு போன் போகிறது. இன்னும் ஆபீசில் என்ன வேலை, சாப்பிட்டாயா இல்லையா, நிவேதாவும் இன்னும் வரவில்லையா என்று அக்கா பிடிக்கிற பிடியில் அவன் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறான். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார், மதிலுக்கு இந்தப் பக்கம்தானே நானும் இருக்கிறேன்.